அரை மழையில் விதைத்தவன்

போன ஆடி மாசம் என் அக்கா மகன் சென்னையில இருந்து வந்திருந்தான். ஐ.டி. வேலை போயிருச்சு. கையில நாலு லட்சம் இருக்கு. வந்த அன்னிக்கு ராத்திரி சாப்பிட்டு முடிச்சு, திண்ணையில உக்காந்ததும் ஆரம்பிச்சான்.

"மாமா, நம்ம ஊர்ல இருந்துட்டு பட்டாசுத் தொழில் பண்ணாம இருக்கோமே. ஒரு வெப்சைட் போட்டு ஆன்லைன்ல விக்கலாம். இன்னும் நாலு லட்சம் இருந்தா போதும். உங்க மூணு ஏக்கருக்கு மேல கடன் வாங்கித் தர்றீங்களா? தீபாவளி முடிஞ்சதும் அடைச்சிரலாம்."

நான் உடனே பதில் சொல்லல. உள்ள இருந்த என் வீட்டுக்காரி சமையக்கட்டுப் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாவே வச்சா. அதுதான் அவ பதில். அதுக்குக் காரணம் இருக்கு. அதைக் கடைசியில சொல்றேன்.

சென்னை, பெங்களூர்ல இருந்து இந்தப் பக்கத்தைப் படிக்கிற தம்பிங்க நிறையப் பேர் இதே கேள்வியைத்தான் கேக்குறாங்க. "அண்ணாச்சி, ஊருக்கு வந்து தொழில் தொடங்கலாமா?" எப்பத் தொடங்கணும்னு சொல்ல நான் ஜோசியக்காரன் இல்ல. ஆனா எப்பத் தொடங்கக் கூடாதுன்னு எங்க மண்ணு நூறு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கு. மருமகனுக்குச் சொன்னதையே இங்க எழுதுறேன்.

முதல்ல ஒரு விவசாயக் கணக்கு. எங்க விருதுநகர் பக்கம் கரிசல் மண்ணு, மானாவாரி. பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் பாடு. ஆவணி, புரட்டாசியில மழைக்கு முந்தியே காஞ்ச மண்ணுல விதைச்சு வைப்போம். அதுக்குப் பேரு புழுதி விதைப்பு. வெளியூர்க்காரங்களுக்கு இது சூதாட்டம் மாதிரி தெரியும். மழை வரலேன்னா விதை போச்சேன்னு கேப்பாங்க. போகாது. காஞ்ச மண்ணுக்குள்ள விதை பல நாள் அப்படியே தூங்கும். எறும்பும் பறவையும் தின்னது போக மிச்சம் பத்திரமா இருக்கும். எங்க அய்யா அடிக்கடி சொல்லுவாரு: "காஞ்ச விதை சாகாதுப்பா. அரை மழை குடிச்ச விதைதான் சாகும்."

அரை மழைன்னா, விதை முளைக்கிற அளவுக்கு ஒரு மழை பேஞ்சுட்டு, அப்புறம் இருவது நாள் மானம் வெளுத்துக் கிடக்குறது. முளை வந்துரும், வேர் இறங்க ஈரம் இருக்காது. மழையே இல்லாத வருஷத்தை விட விதை அதிகமா நாசமாறது இந்த மாதிரி வருஷத்துலதான். தொழிலும் இப்படித்தான்னு எனக்குப் புரிய நாப்பத்தஞ்சு வயசு ஆச்சு.

இப்ப வரலாறுக்கு வருவோம்.

சிவகாசி மழை குறைஞ்ச ஊரு. விவசாயத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத பூமி. வியாபாரம்தான் ஊரைத் தாங்குச்சு. 1922-ல அந்த ஊர்ல இருந்து ரெண்டு இளைஞர்கள், அய்ய நாடாரும் சண்முக நாடாரும், ஒருத்தருக்கொருத்தர் உறவுக்காரங்க, கல்கத்தாவுக்கு ரயில் ஏறினாங்க. தீப்பெட்டி செய்யக் கத்துக்க. மாசக்கணக்கில அங்க தங்கி, கைவேலையா எப்படிச் செய்றதுன்னு பாத்துப் பழகி, 1923 வாக்கில ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினாங்க. கொஞ்ச வருஷத்துல ரெண்டு பேரும் தனித்தனியாப் பிரிஞ்சு ஆளுக்கொரு தொழில் நடத்துனாங்க. ஒருத்தருக்கு அணில் மார்க், இன்னொருத்தருக்குக் காக்கா மார்க். சண்முக நாடாரைக் காக்கா சண்முக நாடார்னு சொன்னாத்தான் பழைய ஆளுங்களுக்குத் தெரியும்.

இந்தக் கதை எங்க ஊர்ல பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நம்ம கேள்வி வேற. 1923 தீப்பெட்டித் தொழில் தொடங்க நல்ல நேரமா, கெட்ட நேரமா?

கெட்ட நேரம்னு சொல்ல வலுவான காரணம் ஒண்ணு உண்டு. அதே 1923-லதான் ஸ்வீடன் தீப்பெட்டிக் கம்பெனி இந்தியாவுக்குள்ள நுழைஞ்சு விம்கோவை ஆரம்பிச்சுது. சென்னைக்காரங்களுக்கு மெட்ரோ ரயில்ல விம்கோ நகர் தெரியுமில்லையா, அந்த விம்கோதான். திருவொற்றியூர்ல அவங்க ஆலை இருந்ததால வந்த பேரு. அந்த ஸ்வீடன் கம்பெனியோட தலைவர் இவார் குரூகர். உலகமே 'தீக்குச்சி ராஜா'ன்னு கூப்பிட்ட மனுஷன். உலகத் தீப்பெட்டி உற்பத்தியில பாதிக்கு மேல அவர் பிடியில இருந்த காலம் ஒண்ணு உண்டு. அப்படிப்பட்ட யானை உள்ள வர்ற வருஷத்துல, வானம் பாத்த ஊர்ல இருந்து ரெண்டு பேர் கைவேலையா தீக்குச்சி செய்யப் புறப்பட்டாங்க. இன்னிக்கு யாராவது இந்தத் திட்டத்தோட பேங்குக்குப் போனா மேனேஜர் டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சிருவாரு.

ஆனா நல்ல நேரம்னு சொல்லவும் காரணம் இருந்துச்சு. 1922-ல அரசாங்கம் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு இறக்குமதி வரியை ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாயா ஏத்திருச்சு. ஒரு குரோசுன்னா 144 பெட்டி. கணக்குப் போட்டா ஒரு பெட்டிக்கு ரெண்டு தம்பிடி வரி. அந்தக் காலத்துல தீப்பெட்டி விலைக்கு அது பெரிய சுவர். ஸ்வீடன், ஜப்பான் பெட்டிகள் அந்தச் சுவரைத் தாண்டி வரணும். சிவகாசிக்காரங்க சுவருக்கு உள்ள இருந்தாங்க. 1928-ல அந்த வரி உள்நாட்டுத் தொழிலுக்கான பாதுகாப்பு வரியாவே உறுதியாச்சு. விம்கோ இந்தியாவுக்குள்ள ஆலை கட்டினதுக்கும் அந்தச் சுவருதான் காரணம்.

அப்ப ஒரே நேரம் யானைக்கும் நல்லதா இருந்துச்சு, எறும்புக்கும் நல்லதா இருந்துச்சு. ஆனா யானையைப் பாத்து எறும்பு அதே மாதிரி மெஷின் வாங்கிப் போட்டி போட்டிருந்தா செத்திருக்கும். சிவகாசி கைவேலையில நின்னுச்சு. மழை பொய்ச்ச காட்டுல வேலையில்லாத கை ஏராளம். முதல் குறைவு. ஒரு மாசம் சரக்கு ஓடலேன்னா நிறுத்தி வச்சு, மறுபடி ஓட்டலாம். அதாவது அவங்க தொழில் புழுதி விதைப்பு மாதிரி இருந்துச்சு. மழை தள்ளிப் போனாலும் விதை தூங்கும், சாகாது.

குரூகர் கதை என்னாச்சு? அவர் அரசாங்கங்களுக்கே கடன் குடுத்து, பதிலுக்குத் தீப்பெட்டி ஏகபோகத்தை வாங்கினவரு. குடுத்ததெல்லாம் வெளியில வாங்கின பணம். 1929-ல அமெரிக்கப் பங்குச்சந்தை சரிஞ்சு உலகமே முடங்கினப்ப அந்தக் கடன் கோபுரம் ஆட ஆரம்பிச்சுது. 1932 மார்ச்சில பாரிஸ்ல அவர் இறந்து கிடந்தாரு. தற்கொலைன்னு முடிவு செஞ்சாங்க. ஆலைகள் பிழைச்சுது, ராஜா பிழைக்கல. அதே மந்த காலத்தைச் சிவகாசியும் தாண்டி வந்துச்சு.

மருமகன் இந்த இடத்துல கேட்டான்: "அப்ப சின்னதா ஆரம்பிச்சா எந்த நேரமும் நல்ல நேரமா மாமா?"

அப்படியும் இல்ல. பட்டாசு கதையைப் பாருங்க.

1934-ல தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்துச்சு. சுவருக்கு உள்ள இருந்தவனுக்கும் வரி. தீப்பெட்டிக்கு மருந்து கலக்கத் தெரிஞ்ச கைகளுக்கு மத்தாப்பு செய்றது ரொம்ப தூரம் இல்ல. 1939-ல இரண்டாம் உலகப்போர் வந்ததும் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்னு போச்சு. 1940-ல வெடிபொருள் விதிகள் வந்து, பட்டாசு செய்ய லைசன்ஸ், கட்டடத்துக்குக் கட்டடம் இடைவெளின்னு ஒழுங்கு வந்துச்சு. இன்னிக்கு நீங்க பேரு சொல்ற பெரிய பட்டாசு ஆலைகள் சிலது தொடங்குனது அந்தப் போர்க்காலத்துலதான். ஸ்டாண்டர்டு 1942. ஊரே பயந்து கிடக்குற நேரம் அது. ஆனா அவங்களுக்கு வேலை தெரியும், ஆளு தெரியும், போட்டிச் சரக்கு கப்பல்ல வராதுன்னு தெரியும், சட்டம் என்ன கேக்குதுன்னும் எழுத்துல தெரியும். நேரம் கஷ்டமா இருந்தது நிஜம்; ஆனா மங்கலா இல்ல.

கஷ்டமான நேரம் வேற, மங்கலான நேரம் வேற. எனக்கு அது தெரியாமத்தான் நான் அடி வாங்கினேன்.

2016-ஐ ஞாபகப்படுத்திப் பாருங்க. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக்கு அறுபது சதவீதத்துக்கு மேல குறைஞ்சு போச்சு. 2017 ஜனவரியில எல்லா மாவட்டமும் வறட்சி மாவட்டம்னு அரசாங்கமே அறிவிச்சுது. என் காட்டுல மக்காச்சோளம் முழங்கால் உயரத்துல கருகி நின்னுச்சு. மாட்டுக்குக்கூட ஆகல.

அந்தத் தை மாசம் என் மச்சான் ஒரு யோசனையோட வந்தான். சரவெடிக்குப் பேப்பர் குழாய் சுத்துற வேலை. எங்க பக்கம் கிராமங்கள்ல அது வீட்டு வேலை மாதிரி. மருந்து கிடையாது, ஆபத்து கிடையாது, வெறும் காகிதமும் பசையும். ரெண்டு மெஷின் போட்டு நாலு பொம்பளை ஆளு வச்சா ஆலைக்குக் குழாய் சப்ளை பண்ணலாம். "மழை இல்லாட்டி என்ன மாமா, பட்டாசுக்கு வெயில்தானே வேணும்?" இப்படிச் சொல்லித்தான் என்னைக் கவுத்தான். வீட்டுக்காரியோட கழுத்துச் சங்கிலியும் வளையலும் அடகுக்குப் போச்சு. ரெண்டே கால் லட்சம்.

அய்யா அப்ப உயிரோட இருந்தாரு. கட்டில்ல படுத்தபடியே ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "குழாய் வாங்குறவன் போன தீபாவளிச் சரக்குக்குக் காசு வாங்கிட்டானாப்பா?"

எனக்கு அந்தக் கேள்வியே புரியல. இப்பப் புரியுது. பட்டாசுத் தொழில்ல பணம் ஓடுற விதம் வேற. வருஷம் பூரா செஞ்சு, ஆடிப்பெருக்குக்குப் பூஜை போட்டு வியாபாரம் தொடங்கி, சரக்கைக் கடனுக்கு வடநாடு வரைக்கும் அனுப்பி, தீபாவளி முடிஞ்ச பிறகுதான் பெரிய வசூல். 2016-ல தீபாவளி அக்டோபர் கடைசியில வந்துச்சு. நவம்பர் 8 ராத்திரி ஐநூறும் ஆயிரமும் செல்லாதுன்னு அறிவிப்பு. சரியா வசூல் நேரம்! அடுத்த மூணு நாள்ல, நவம்பர் 11, உச்ச நீதிமன்றம் டெல்லியிலயும் சுத்து வட்டாரத்துலயும் பட்டாசு விக்கிற லைசன்ஸை நிறுத்தி வச்சுது. பெரிய ஆளுங்க அந்த மார்கழியிலயே கையைச் சுருக்க ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க சுருக்கினதாலதான் எனக்குப் பழைய மெஷின் சல்லிசா கிடைச்சுது. விலை குறைஞ்சு கிடைக்குதேன்னு நான் சந்தோஷப்பட்டேன். ஏன் விக்கிறான்னு கேக்கல.

அப்புறம் அரை மழை பேஞ்சுது. 2017 சித்திரை, வைகாசியில ஆர்டர் வந்துச்சு. காசும் பாதி வந்துச்சு. ஜூலை 1-ல ஜிஎஸ்டி வந்து பட்டாசுக்கு 28 சதவீதம். (தீபாவளி முடிஞ்சு நவம்பர்லதான் 18 ஆச்சு.) அக்டோபர் 9-ல, தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, டெல்லி விற்பனைக்கு மறுபடி தடை. டிசம்பர் கடைசியில ஆலைகளே கதவை மூடிப் போராட்டம் பண்ணினாங்க. பல வாரம் வேலை இல்ல. அப்பவாவது நான் நிறுத்தியிருக்கணும். ஆனா 2018-ல ஆலை திறந்ததும் மறுபடி ஆர்டர். ஒரு தூத்தல் விழுந்ததும் விதை முளைக்குமே, அதே மாதிரி நானும் முளைச்சேன். இன்னும் எழுபதாயிரம் கடன் வாங்கிப் பேப்பர் இறக்கினேன்.

2018 அக்டோபர் 23. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பசுமைப் பட்டாசு மட்டும், பேரியம் உப்பு கூடாது, ராத்திரி 8 மணியில இருந்து 10 மணி வரைக்கும்தான் வெடிக்கணும், ஆன்லைன்ல விக்கக் கூடாது. அதோட சரவெடி கூடாது.

டிவியில அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டப்ப நான் மாட்டுக் கொட்டத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். என்னைச் சுத்தி மூட்டை மூட்டையா சரவெடிக் குழாய். மருந்து இல்ல, ஆபத்து இல்லன்னு நெனச்சேனே, அது வெறும் காகிதம்தான். அந்தத் தீர்ப்புக்கப்புறம் பழைய பேப்பர் விலைக்குக்கூட யோசிச்சாங்க. நவம்பர்ல ஆலைகள் மூடி, திறக்க அடுத்த மார்ச் ஆச்சு. அடகு மூழ்காம இருக்க அறுபது சென்ட் நிலத்தை வித்தேன். இன்னிக்கு மூணு ஏக்கர்னு சொல்றேனே, அது மூணு ஏக்கர் அறுபது சென்டா இருந்துச்சு.

நீதிமன்றத்தைக் குறை சொல்ல இதை எழுதல. டெல்லியில மூச்சு விட முடியாத பிள்ளைங்களோட வழக்கு அது; அந்த வழக்கு 2015-லயே தொடங்கியாச்சு. நான் பேப்பர்ல படிச்சிருந்தேன். "அது டெல்லி விஷயம்"னு பக்கத்தைத் திருப்பிட்டேன். என்னோட சரக்கைக் கடைசியில வெடிக்கிறவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாம இருந்துச்சு.

காசு நஷ்டம் மட்டும்னா பரவாயில்ல. இந்தத் தொழில்ல தப்பான நேரத்துக்கு வேற விலையும் உண்டு. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி விபத்து. நாப்பது பேருக்குப் பக்கமா செத்தாங்க. அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 13. ஆர்டர் குவியுற மும்முரமான மாசம். 2021 பிப்ரவரியில சாத்தூர் பக்கம் அச்சங்குளம். இருவது உயிருக்கு மேல. ஒவ்வொரு பெரிய விபத்துக்கு அப்புறமும் எங்க ஊர்ப் பேச்சுல ரெண்டு வார்த்தை வரும்: அவசரம், உள்குத்தகை. டிஆர்ஓ லைசன்ஸ், சென்னை லைசன்ஸ், நாக்பூர் லைசன்ஸ்னு மருந்து அளவுக்குத் தக்கபடி மூணு படி இருக்கு. முறையா வாங்க நாள் ஆகும். பட்டம் தப்பி வர்றவனுக்கு நாள் இருக்காது. அடுத்தவன் லைசன்ஸ்ல நாலு ரூமை உள்குத்தகைக்கு எடுப்பான். ஒரு ரூமுக்கு நாலு பேருன்னு இருக்குற இடத்துல எட்டுப் பேரை உக்கார வைப்பான். ஏன்னா அவன் வட்டி தீபாவளிக்குள்ள அடையணும். காடா இருந்தா பட்டம் தப்புனவனுக்கு வெள்ளாமை மட்டும்தான் போகும். இங்க பக்கத்து வீட்டுப் பொம்பளை உயிர் போகும்.

இதெல்லாம் சொல்லி முடிக்கிறப்ப மணி பதினொண்ணு. மருமகன் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கேட்டான்: "நீங்க பஞ்சத்துல ஆரம்பிச்சதுதான் தப்பா மாமா? அந்த ரெண்டு பேரும் வறண்ட ஊர்ல இருந்துதானே போனாங்க?"

நல்ல கேள்வி. நானும் பல வருஷம் யோசிச்சது. பஞ்சம் தப்பில்ல. அவங்க வறட்சியில இருந்து கிளம்பி முதல்ல கத்துக்கப் போனாங்க. நான் வறட்சியில இருந்து கிளம்பி நேரா மெஷின் வாங்கப் போனேன். மெஷின் விக்க வந்தவன் அரை நாள் சொல்லிக் குடுத்ததுதான் என் படிப்பு. பழைய காடு விளையலங்கிறது அதை விட்டு வர்றதுக்குக் காரணமா இருக்கலாம். புதுத் தொழிலுக்குள்ள போறதுக்கு அது மட்டும் காரணம் ஆகாது. அவங்களுக்குச் சுவர் எங்க இருக்குன்னு தெரியும். எனக்குச் சுவரே கட்டி முடிக்கல. நீதிமன்றத்துல வாதம் நடந்துக்கிட்டு இருந்துச்சு. அவங்க ஒரு வருஷம் பொய்ச்சாலும் நிக்கிற அளவுக்குத்தான் இறங்கினாங்க. நான் அந்தத் தீபாவளியே கைகுடுக்கணும்னு இறங்கினேன்.

"உன் வெப்சைட் கணக்கையும் அதே மாதிரி பாரு," என்றேன். ஆன்லைன்ல ஆர்டர் எடுக்கக் கூடாதுன்னு தீர்ப்பு இருக்கு. அதனாலதான் 'ஆர்டர்'னு போடாம 'எஸ்டிமேட்'னு போட்டு நிறையப் பேரு ஓட்டுறாங்க. ஓடலாம். ஆனா அது அரை மழை. ஆடி முடியப் போகுது, சரக்கை வாங்கி வைக்க லைசன்ஸ் உள்ள இடம் உன்கிட்ட இல்ல, கடனுக்கு வட்டி மாசாமாசம், வரும்படி வருஷத்துக்கு ஒரு தடவை. மழை வர்ற ஐப்பசியிலதான் தீபாவளியும் வருது. அந்த வாரம் அடைமழை பிடிச்சா எனக்குக் காடு விளையும், உனக்குச் சரக்கு தேங்கும். ஒரே குடும்பம் ஒரே மழைக்கு ரெண்டு விதமா சாமி கும்பிடணும்.

நிலத்தை வைக்க மாட்டேன்னு நேராவே சொல்லிட்டேன். முகம் சுண்டிப் போச்சு அவனுக்கு. அக்காவும் ரெண்டு வாரம் என்கூடப் பேசல. இது எனக்கு லேசான விஷயம் இல்ல. அப்பா இல்லாத பிள்ளை, என் தோள்ல வளர்ந்தவன்.

ஆனா அவன் ஊருக்குத் திரும்பிப் போகல. ஆவணியில சிவகாசியில ஒரு மொத்த வியாபாரக் கடையில கணக்கு எழுதச் சேர்ந்துட்டான். சம்பளம் சென்னையில வாங்குனதுல கால்வாசி. தீபாவளி முடிஞ்ச மறுவாரம் வந்தான். கையில ஒரு பழைய நோட்டு. யாரு யாரு எந்த மாசம் சரக்கு எடுத்தான், யாரு எந்த மாசம் காசு குடுத்தான், யாரு இன்னும் குடுக்கலன்னு பூரா எழுதி வச்சிருந்தான்.

"மாமா, நான் நெனச்ச மாதிரி இல்ல," என்றான். கொஞ்சம் நேரம் கழிச்சு, "இன்னும் ஒரு வருஷம் பாக்குறேன்," என்றான்.

என் வீட்டுக்காரி உள்ள இருந்து காப்பி கொண்டாந்து வச்சா. டம்ளர் சத்தமே கேக்கல.